பிரிக்கப்படாத பொட்டலம்

திருச்சிராப்பள்ளி நகரின் தென்கிழக்கே பொன்மலை என்றோர் இரயில்வே குடியிருப்பு இருந்தது. ‘இருந்தது’ என்று இறந்தகாலத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. செங்கல் வீடுகள் வரிசை பிடித்து நின்ற தெருக்களில் இன்று விண்ணை முட்டும் அடுக்ககங்கள் நிற்கின்றன. வேம்பும் புங்கமும் நிழல் பரப்பிய சாலைகளில் ஓட்டுநரில்லா வண்டிகள் ஓசையின்றி ஊர்கின்றன. அனைத்திற்கும் மேலாக, அக்குடியிருப்பின் நாடித்துடிப்பாக விளங்கிய பணிமனைச் சங்கு வாய்மூடிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அச்சங்கு ஒலித்த காலத்தில் பொன்மலையில் எவரும் எவரிடமும் நேரம் கேட்டதில்லை. சங்கு எழுந்ததும் ஆண்கள் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகார முள்ளைச் சரிசெய்வர். பெண்கள் அடுப்பைத் தணிப்பர். பள்ளிக்குக் கிளம்பாத பிள்ளைகளுக்கு முதுகில் ஒன்று விழும்.

அந்தப் பொன்மலையில் பிறந்து, அங்கேயே மணம் முடித்து, வீடுகள் இடிக்கப்பட்ட பின்னர் அதே மண்ணின்மீது எழுந்த அடுக்ககம் ஒன்றின் பதினோராம் தளத்தில் வாழ்ந்துவருபவள் சுகந்தி. மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கணவர் மதியழகனோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இல்லறம் நடத்தியவள். யார் புதிதாக அறிமுகமானாலும், மூன்றாவது வாக்கியமாக அவள் வாயிலிருந்து வருவது ஒன்றுதான்:

“எங்களுது அம்மன் முடிச்சு வெச்ச கல்யாணங்க.”

அது வெறும் பெருமைப்பேச்சு அன்று. சுகந்தியும் மதியழகனும் ஒருவரையொருவர் விரும்பிய காலம், கைப்பேசியில் ஒரு ரூபாய் மிச்சமிருந்தால் அதைக்கொண்டு ஒரு மாதம் காதலிக்கக்கூடிய காலம். ஒருமுறை மணியடித்து நின்றால் ‘நினைத்துக்கொண்டேன்’ என்று பொருள். இருமுறை அடித்தால் ‘சந்தைக்கு வா’ என்று பொருள். மதியழகன் வேறு சாதி. சுகந்தியின் அண்ணன் பாஸ்கரனுக்கு அதற்குமேல் ஒரு காரணமும் வேண்டியிருக்கவில்லை. “அவன் வேண்டாம்” என்று இரண்டே சொல்லில் முடித்தார். தந்தையோ மகளின் கண்ணீரையும் மகனின் கோபத்தையும் தாங்க இயலாதவராய், “அம்மன்கிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம். அவ சொல்றது எதுவோ அது” என்றார்.

பூக்கட்டிப் பார்த்தல் என்பது எளிய வழக்கம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலத்திலும் சிவப்புப்பூ மற்றொரு பொட்டலத்திலும் வாழைச்சருகால் மடிக்கப்பட்டு, நாரால் கட்டப்பட்டு, அம்மன் காலடியில் வைக்கப்படும். விவரம் அறியாத ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. பொன்மலைக் கோயிலில் கூடுதலாக இரண்டு விதிகள் இருந்தன. பொட்டலங்கள் ஓர் இரவு முழுவதும் அம்மன் காலடியிலேயே இருக்கவேண்டும். குழந்தை எடுக்காத மற்றப் பொட்டலத்தை யாரும் பிரிக்கலாகாது. அப்படியே கொண்டுபோய் ஓடும் நீரில் விட்டுவிடவேண்டும்.

அன்று பொட்டலத்தை எடுத்தவள் பாஸ்கரனின் மகள் தர்ஷினி. ஐந்து வயதுச் சிறுமி. வந்தது வெள்ளை.

பாஸ்கரன் அங்கேயே, கோயில் முற்றத்திலேயே வெடித்தார். “இதுல யாரோ கை வெச்சிருக்கீங்க. எனக்குத் தெரியும். இனி உன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்” என்றார். சொன்னதைச் செய்தார். ஜோலார்பேட்டைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு மனைவியையும் மகளையும் அழைத்துச் சென்றவர், தந்தையின் இறப்புக்கு வந்தபோதும் தங்கையின் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் அருந்தவில்லை. தர்ஷினி மட்டும் வளர்ந்த பிறகு, தீபாவளிக்குத் தீபாவளி, அப்பாவுக்குத் தெரியாமல் அத்தையை அழைத்துப் பேசுவாள்.

இம்முறை தீபாவளி இல்லாமலேயே அழைப்பு வந்தது.

“அத்தை, ஒண்ணு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது.”

“கேளுடி. என்கிட்ட உனக்கு என்ன பீடிகை?”

“தடம் பாக்கலாம் அத்தை. நீங்க, மாமா, அப்பா, நான். நாலு பேரும். அப்பா சரின்னுட்டாரு.”

சுகந்தியின் கையிலிருந்த கீரைத்தண்டு பாதி ஒடிந்தபடியே நின்றது.

“எதுக்குடி இப்போ? பழசையெல்லாம் கிளறிக்கிட்டு?”

“உங்களுக்குப் பழசு. எனக்கு நேத்து.” தர்ஷினியின் குரல் தாழ்ந்தது. “என் பொண்ணுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போனோம் அத்தை. முதல் புடவையை நான் தொடக் கூடாதாம். என் மாமியார் கடையிலயே சொல்றாங்க, ‘நீ ஒதுங்கி நில்லும்மா, உன் கைராசிதான் ஊருக்கே தெரியுமே’ன்னு. அஞ்சு வயசுல ஒரு பூவை எடுத்தேன், குடும்பம் ரெண்டாப் போச்சு. அதுக்கப்புறம் யாரும் எதையும் முதல்ல என் கையில குடுத்ததே இல்ல. அப்பா பக்கத்துலதான் நின்னாரு. வாயே திறக்கல.”

சுகந்தி கீரைத்தண்டைத் தட்டில் போட்டாள்.

“கை உண்டுன்னு வந்துட்டா நான் தப்பிச்சேன் அத்தை. யாரோ பண்ணின வேலை, நான் வெறும் குழந்தைன்னு ஆயிடும்.”

“கை இல்லைன்னு வந்தா?”

“அப்போ அது என் கைதான். அதையாவது தெரிஞ்சுக்கிறேன்.”

தடங்காணி என்னும் கருவி புழக்கத்திற்கு வந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நடந்து முடிந்த ஒரு நிகழ்வின் சுவட்டைப் பின்னோக்கிப் பற்றிச் சென்று, அது எங்கே தொடங்கியது என்று காட்டுவது அதன் பணி. ஒருவரது எண்ணத்தில் தொடங்கியிருந்தால் ‘கை உண்டு’ என்று அறிவிக்கும். எவரது எண்ணத்திலும் தொடங்காமல் தானே நிகழ்ந்திருந்தால் ‘கை இல்லை’ என்று அறிவிக்கும். அவ்வளவே. ஆனால் அந்த இரண்டு சொற்கள் ஊரைப் புரட்டிப் போட்டன. தந்தை குலுக்கிப் போட்ட சீட்டின்படி வீட்டைப் பங்கிட்டுக்கொண்ட உறையூர்ச் சகோதரர் இருவர், சீட்டில் கை இருந்ததென்று அறிந்து கூடத்தின் நடுவே சுவர் எழுப்பினர். பேருந்தில் தற்செயலாகத் தன் அருகே அமர்ந்தவரையே மணந்துகொண்டதாக வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த ஒரு மூதாட்டி, அவர் தனக்காக மூன்று பேருந்துகளை விட்டுவிட்டுக் காத்திருந்தார் என்பதைக் கணவர் மறைந்த பிறகு அறிந்து, தடங்காணி நிலையத்தின் வாசலிலேயே அமர்ந்து சிரித்துக்கொண்டே அழுதாராம். விதி என்று மக்கள் தலைவணங்கிய இடங்களிலெல்லாம் ஒரு கை முளைக்கலாயிற்று. ஊழ்வினை, கைராசி, நல்ல நேரம் ஆகிய சொற்களைப் பயன்படுத்தும்போது மக்கள் இருபுறமும் பார்த்துக்கொண்டனர்.

சுகந்தி அதுநாள்வரை அந்த நிலையத்தின் பக்கமே திரும்பவில்லை. காரணம் மிகவும் எளியது. அன்று பொட்டலத்தில் கை வைத்தவளே அவள்தான்.

மாலையில் மதியழகன் பால்கனியில் அமர்ந்து, கீழே கோயிலின் புதுக் கோபுரத்தைப் பார்த்தவாறு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பகுத்தறிவாளர் ஒருவரின் மகன் அவர். கோயிலுக்குள் அவர் தம் வாழ்நாளில் நுழைந்ததே அந்தப் பூக்கட்டும் நாளில்தான் என்று கூறுவார். மனைவியை அழைத்துச் செல்லும் நாட்களில் செருப்புக்குக் காவலாக வெளியே நிற்பார்.

“போகத்தான் வேணுமா?” என்றாள் சுகந்தி.

“புள்ள கேக்குது. போவோம்.”

“கை உண்டுன்னு வந்துட்டா?”

“வராது.” அவர் கடலைத் தோலை ஊதினார். “கை இல்லைன்னுதான் வரும். நீ ஏன் பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி நகத்தைக் கடிக்கிற?”

“அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க? சாமி இல்லைங்கிற ஆளு.”

“சாமி இல்ல. பூ இருந்துச்சுல்ல?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கண்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எத்தனையோ முறை அவரிடம் சொல்லிவிட முயன்றிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அந்த வெள்ளைப்பூ அவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு விளக்கைப்போல் எரிந்துகொண்டிருப்பதைக் கண்டு, ஊதி அணைக்க மனம் வராமல் திரும்பியிருக்கிறாள்.

அந்த விடியற்காலை அவள் நினைவில் இன்றும் ஈரம் உலராமல் இருந்தது. கோயில் வாசலில் கோலமிடுவது அன்று அவளது முறை. பூசாரி குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குச் சென்றிருந்தார். கருவறையில் திரை மட்டுமே தொங்கியது. துப்பட்டா முனையில் முடிந்து வைத்திருந்த நந்தியாவட்டைப் பூக்களோடு உள்ளே நுழைந்தாள். கைக்குக் கிட்டிய பொட்டலத்தைப் பிரித்தாள். செவ்வரளி. அதை எடுத்துத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு, வெள்ளையை வைத்து மடித்து, அதே நாரால் கட்டினாள். மற்றதைப் பிரிக்கவில்லை; பிரிக்கவேண்டிய தேவையும் இல்லை. ஒன்று சிவப்பென்றால் மற்றது வெள்ளைதானே! இனி எதை எடுத்தாலும் வெள்ளை. வெளியே வந்து கோலமாவைக் கையில் எடுத்தபோது புள்ளிகள் நேர்கோட்டில் விழவில்லை.

அண்ணன் அன்று சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னதற்காக அவர் நாற்பது ஆண்டுகளாகத் தங்கை வீட்டுக்கு அந்நியராகியிருக்கிறார். செய்யாத குற்றத்திற்காக ஒரு குழந்தை கைராசி கெட்டவளாகியிருக்கிறாள். அம்மனின் பெயரால் அவள் வாழ்ந்த நல்வாழ்வின் விலையை வேறிருவர் செலுத்தியிருக்கின்றனர். நாளை திரையில் அவள் கை தெரியும். அண்ணன் எழுந்து போய்விடுவார். இனி ஒருநாளும் வரமாட்டார். மதியழகன் அந்தச் சிரிப்பை மறுபடி சிரிப்பாரா என்பதும் தெரியாது. ஆயினும் தர்ஷினி தன் மகளின் முகூர்த்தப் புடவையைத் தொடுவாள்.

“சரி, போவோம்” என்றாள் சுகந்தி. சொன்ன பிறகு, யாருக்கும் தேவைப்படாத அந்தக் கீரையை முழுவதும் ஆய்ந்து முடித்தாள்.

தில்லைநகரில் இருந்தது அந்நிலையம். பாஸ்கரன் முன்பே வந்து அமர்ந்திருந்தார். தலை முழுதும் நரைத்து, உடல் ஒடுங்கி, ஆயினும் சட்டையின் மடிப்புக் கலையாமல். இடக்கையில் அதே பழைய சாவி கொடுக்கும் கைக்கடிகாரம். முதல் சம்பளத்தில் வாங்கியது. வண்டி ஓட்டும்போது பார்க்க வசதி என்று, கடிகார முகத்தை மணிக்கட்டின் உட்புறமாகத் திருப்பிக் கட்டும் பழக்கத்தை இன்னும் விடவில்லை.

“வாங்கண்ணே” என்றாள் சுகந்தி.

“ம்.” அவர் அவளைப் பார்த்தார், பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார், பிறகு மகளிடம் திரும்பினார். “தர்ஷினி, அந்த ஆளு இன்னும் தலைக்கு மை அடிக்கிறாரான்னு கேளு.”

மதியழகன் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். “உங்கப்பாகிட்ட சொல்லும்மா. இது மை இல்ல, எங்க பரம்பரைக் கறுப்பு. அவருக்கு வேணும்னா கடை சொல்றேன்.”

“எனக்கு வேணாம்னு சொல்லு.”

“அப்பா, மாமா ரெண்டடி தள்ளித்தான் உக்காந்திருக்காரு. நான் என்ன தந்தியா?” என்றாள் தர்ஷினி.

பாஸ்கரன் தங்கையிடம் திரும்பினார். “இங்க பாரு சுகந்தி. கை இல்லைன்னு வந்தா இன்னிக்கே உன் வீட்டுல கை நனைக்கிறேன். கை உண்டுன்னு வந்தா இதோட முடிஞ்சுது. பேச்சு வார்த்தை எதுவும் கிடையாது.”

“சரிண்ணே” என்றாள். வீட்டில் அவருக்குப் பிடித்த வாழைப்பூ வடைக்குப் பருப்பை ஊறவைத்துவிட்டு வந்திருந்தாள். அது ஊறிக்கொண்டே இருக்கப்போகிறது என்று எண்ணினாள்.

கருவியை இயக்கும் இளம்பெண்ணின் பெயர் ஜுலைகா. அழகு நிலையத்தில் தலை உலர்த்தும் கவசத்தைப்போன்ற நான்கு கவசங்களைக் காட்டி விளக்கினாள்.

“ஒண்ணும் வலிக்காது. நீங்க மறந்துட்டோம்னு நினைக்கிறது எதுவும் உண்மையில அழியறதில்ல. கண்ணு பாத்தது, காது கேட்டது எல்லாம் அடியில கிடக்கும். அதை எடுத்து நாலையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாக்கும் மிஷினு.”

“ஒருத்தர் பொய் சொன்னா?” என்றார் பாஸ்கரன்.

“ஒருத்தரோட நினைவு பொய் சொல்லும்ங்க ஐயா. சொல்லிக்கிட்டேதான் இருக்கும். ஆனா நாலு பேரோட நினைவு ஒரே இடத்துல ஒரே பொய்யைச் சொல்லாது.” அவள் ஒரு பலகையை நீட்டினாள். “முடிவை மட்டும் சொல்லவா, நடந்ததைத் திரையில காட்டவான்னு நீங்க சொல்லணும். காட்டணும்னா நாலு பேரும் சம்மதிக்கணும். நிறையப் பேரு முடிவோட நிறுத்திக்குவாங்க. அதுதான் நல்லதும்கூட.”

சுகந்தி பெருவிரலை நீட்டுவதற்குள் பாஸ்கரன் முந்திக்கொண்டு ரேகை வைத்தார். அதே பழைய பிடிவாதம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கவசத்தினுள் இருந்த நேரத்தில் சுகந்திக்கு ஏதேதோ மணங்கள் வந்து போயின. சந்தையின் மல்லிக்கட்டு. மதியழகனின் சட்டையில் ஒட்டியிருந்த எந்திர எண்ணெய். நனைந்த கோலமாவு. யாரோ பால் கொதிக்கவிட்ட வாசனை. இளமை என்பது இத்தனை அருகில், ஒரு மெல்லிய தோலுக்கு அடியில் கிடந்திருக்கிறது என்று அவள் அறிந்திருக்கவில்லை. கவசத்தைக் கழற்றியபோது, ஓடும் வண்டியிலிருந்து இறங்கியவளைப் போல ஒரு கணம் தடுமாறினாள்.

சுவரில் எழுத்துகள் தோன்றின.

கை இல்லை.

“தப்பு!” என்று சுகந்தி கூவினாள்.

“தப்பு!” என்று அதே நொடியில் பாஸ்கரனும் எழுந்து நின்றார். “மிஷினு தப்பு. மறுபடியும் பாக்கச் சொல்லும்மா.”

இருவரும் ஒருவரையொருவர் வியப்போடு நோக்கினர். மதியழகன் மட்டும் கால்மேல் கால் போட்டு, “நான்தான் நேத்தே சொன்னேனே” என்றார்.

தர்ஷினியை யாரும் பார்க்கவில்லை. அவள் தன் வலது கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். “அப்போ என் கைதான்” என்று மெல்லச் சொன்னாள்.

“இல்லடி! நான்தான்!” சுகந்தியின் குரல் உடைந்தது. “நான்தான் பூவை மாத்துனேன். ரெண்டுலயும் வெள்ளையை வெச்சேன். நீ எதை எடுத்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும். உன் கை எந்தப் பாவமும் பண்ணல.”

மதியழகனின் கால் கீழே இறங்கியது. அவள் அவரைப் பார்க்கத் துணியவில்லை.

“ஒரு நிமிஷம் இருங்க” என்றாள் ஜுலைகா. “கை இல்லைன்னா யாருமே கை வைக்கலன்னு அர்த்தம் இல்ல. வெச்ச கையால முடிவு மாறலன்னு அர்த்தம். இதுல ஒரு கை இல்ல, ரெண்டு கை வருது. பாருங்க.”

திரையில் உருவம் எழுந்தது. மழை வழியும் கண்ணாடியின் ஊடே பார்ப்பதுபோல் கலங்கலாக, அம்மனின் காலடியும் இரண்டு பொட்டலங்களும். கண்ணாடி வளையல் அணிந்த ஓர் இளம்பெண்ணின் கை கருவறைத் திரைக்கு அடியில் நுழைந்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்து, செவ்வரளியை எடுத்துவிட்டு வெள்ளையை வைத்துக் கட்டியது. போயிற்று. சற்று நேரம் வெறும் விளக்கு அசைந்தது. பிறகு ஒரு பால் செம்பு தரையில் வைக்கப்பட்டது. ஓர் ஆணின் கை நுழைந்தது. அதே பொட்டலத்தைப் பிரித்தது. வெள்ளை. அதை எடுத்துவிட்டு ஒரு பிடிச் செவ்வரளியை வைத்துக் கட்டியது. அந்தக் கையில், மணிக்கட்டின் உட்புறமாகத் திரும்பியிருந்தது ஒரு கைக்கடிகாரத்தின் முகம்.

சுகந்தியின் பார்வை அண்ணனின் இடது மணிக்கட்டுக்குச் சென்றது.

“அண்ணே…” என்றாள் சுகந்தி.

பாஸ்கரன் தளர்ந்து அமர்ந்தார். “அபிஷேகத்துக்குப் பால் கொண்டு போனேன். பூசாரி இல்ல. ஒண்ணைப் பிரிச்சேன், வெள்ளையா இருந்துச்சு. சிவப்பா மாத்திட்டேன். இன்னொண்ணு சிவப்புதானே, அதை எதுக்குப் பிரிக்கணும்னு வந்துட்டேன்.” அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டும் சிவப்புன்னு நெனச்சேன். வெள்ளை வந்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு, யாரோ கை வெச்சிருக்காங்கன்னு. எப்படித் தெரியும்னு யார்கிட்டச் சொல்ல முடியும்?”

“தெரிஞ்சுமா இங்க வந்தீங்க? உங்க கையும் தெரியும்னு?”

“தெரியட்டும்னுதான் வந்தேன். அன்னிக்குக் கடையில புள்ள ஒதுங்கி நின்னுச்சு பாரு…” அவர் மகளின் பக்கம் திரும்ப முயன்று, முடியாமல் சட்டை மடிப்பைத் தடவினார். “நீ எதுக்கு வந்த?”

“நானும் அதுக்குத்தான்.”

ஜுலைகா மென்மையாகக் குறுக்கிட்டாள். “ஆரம்பத்துல ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு. அம்மா மாத்தினதும் ரெண்டும் வெள்ளை. அதே பொட்டலத்தை ஐயா மாத்தினதும் மறுபடி ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து, பூசாரி வெச்ச மாதிரியே திரும்ப வெச்சுட்டீங்க. அதான் கை இல்லைன்னு வருது.”

முதலில் சிரித்தவள் தர்ஷினி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்திய கையையும் மீறிச் சிரித்தாள். “நாற்பது வருஷம்! ரெண்டு திருடங்களும் ஒருத்தர் மேல ஒருத்தர் கோவமா!”

சுகந்தி தயங்கித் தயங்கிக் கணவரிடம் திரும்பினாள். “உங்களுக்கு… உங்ககிட்ட நான்…”

“எனக்கும் ஒண்ணு சொல்லவேண்டியிருக்கு” என்றார் மதியழகன். “மிச்சப் பொட்டலத்தை உய்யக்கொண்டான் வாய்க்கால்ல விடச் சொல்லி என்கிட்டத்தான் குடுத்தாங்க. பாலத்து மேல நின்னு பிரிச்சுப் பாத்துட்டேன். செவ்வரளி. சரி, ஆட்டம் நேர்மையாத்தான் நடந்திருக்குன்னு தண்ணியில விட்டேன். பிரிக்கக் கூடாததைப் பிரிச்சேன்னு சொன்னா நீ மனசு கஷ்டப்படுவியேன்னு சொல்லல.” அவர் குரலில் குறும்பு மீண்டது. “நீ இவ்வளவு பெரிய கைகாரின்னு தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்.”

அவள் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். அழுகை அப்போதுதான் வந்தது.

“இன்னும் கொஞ்சம் இருக்கு” என்றாள் ஜுலைகா. “கடைசிக் கண்ணி. பாப்பா எடுக்குற இடம்.”

திரையில் ஒரு சிறுகை நீண்டது. குட்டி விரல்கள், ஒரு பிளாஸ்டிக் வளையல். அக்கை நேராக இடப்பக்கத்துப் பொட்டலத்தை நோக்கிச் சென்றது, ஏறத்தாழத் தொட்டுவிட்டது. திடீரென்று அக்கை துள்ளியது. துள்ளி, வலப்பக்கத்துப் பொட்டலத்தின்மீது விழுந்து, அதை இறுகப் பற்றிக்கொண்டது.

“இங்க ஒரு சத்தம் வருது. அதுலதான் கை இடம் மாறுது. நாலு பேர் நினைவுலயும் இருக்கு, ஆனா எனக்கு என்னன்னு புரியல. ஏதாவது எச்சரிக்கை மணியா?”

நான்கு நினைவுகளிலிருந்தும் வடித்தெடுக்கப்பட்ட அவ்வொலியை அவள் அறையில் ஒலிக்கவிட்டாள்.

தாழ்ந்த முனகலாகத் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, வேம்பின் உச்சிகளையும் ஓட்டுக் கூரைகளையும் கடந்து வானில் நின்றது பொன்மலையின் காலைச் சங்கு. சுகந்தியின் தோளிலிருந்து ஆண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. அப்பா டிபன் பாக்ஸை மூடும் ஓசையை அவள் கேட்டாள். மிதிவண்டிகள் நூற்றுக்கணக்கில் மணியடித்து இறங்கும் சரிவைக் கண்டாள். மதியழகன் கண்ணை மூடிக்கொண்டார். பாஸ்கரனின் வலக்கை அவரறியாமல் இடது மணிக்கட்டுக்குச் சென்று, கடிகாரத்தின் திருகை இழுத்துத் திருப்பியது.

ஒலி அடங்கியது.

“சங்கு” என்று தர்ஷினி சொன்னாள். “சங்குக்குப் பயந்துட்டேன்.” தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஆனா எடுத்தது என் கைதானே அத்தை.”

“ஆமாடி, உன் கைதான்.” சுகந்தி அக்கையைத் தன் இரு கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள். “நான் ஏமாத்தியும் கிடைக்கல. உங்கப்பா ஏமாத்தியும் நிக்கல. உன் கை எடுத்துக் குடுத்துதான் எனக்கு இந்த வாழ்க்கை. இதைக் கைராசி இல்லாத கைன்னு எவ சொன்னா? உன் பொண்ணு முகூர்த்தப் புடவையோட அவ தாலிக்கொடியையும் உன் கையாலயே தொட்டு எடுத்துக் குடு. நான் வந்து உன் மாமியார் பக்கத்துல நிக்கிறேன்.”

“அப்போ அது அம்மன் சொன்னதா, சும்மா நடந்ததா?” என்றாள் தர்ஷினி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

யாரும் எதிர்பாராத வண்ணம் மதியழகன் பதில் சொன்னார். “ரெண்டு பேரையும் ஏமாத்த விட்டாத்தான் ஆட்டம் சரியா நடக்கும்னு அங்க யாருக்கோ தெரிஞ்சிருக்கு. எங்கப்பா காதுல விழுந்தா அடிப்பாரு.”

பாஸ்கரன் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சற்று நேரம் வாசற்பக்கம் பார்த்தவாறு நின்றார். பிறகு மகளிடம் சொல்லாமல், நேராகத் தங்கையைப் பார்த்து, “வடைக்குப் பருப்பு ஊறப் போட்டியா?” என்றார்.

பதினோராம் தளத்து வீட்டில் நான்கு இலைகள் விரிக்கப்பட்டன. தர்ஷினியே முதலில் பரிமாறவேண்டும் என்று சுகந்தி கரண்டியை அவள் கையில் கொடுத்திருந்தாள். வாழைப்பூ வடையின் மணம் பால்கனிவரை பரவியிருந்தது.

“மாப்பிள்ளை, நீங்களும் உக்காருங்க. இலை காத்துக்கிட்டிருக்கு” என்றார் பாஸ்கரன். அந்தச் சொல்லைக் கேட்டு மதியழகன் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். ஏதோ கண்ணில் விழுந்துவிட்டதுபோல் இமைகளைத் தேய்த்துக்கொண்டார்.

கை கழுவும் தொட்டியருகே சென்ற பாஸ்கரன், நனையக்கூடாதென்று கடிகாரத்தைக் கழற்றித் தங்கையிடம் நீட்டினார். குழாயைத் திறந்தார். முழங்கைவரை நீர் வழிய, அவசரமில்லாமல், நெடுநேரம் கைகளை நனைத்துக்கொண்டு நின்றார்.

சுகந்தி உள்ளங்கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். வெளியே வெயில் உச்சியைத் தாண்டி, கோபுரத்தின் நிழல் கிழக்கே சாயத் தொடங்கியிருந்தது. கடிகாரமோ, நிலையத்தில் அண்ணன் திருகி வைத்த காலைச் சங்கின் நேரத்தைத் தாண்டிச் சிறிது தூரமே வந்திருந்தது. நிற்கவில்லை, அங்கிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அதைத் திருத்தவில்லை. புடவைத் தலைப்பால் துடைத்து, அண்ணன் இலையின் அருகே வைத்தாள்.